உச்சிமாடிக் கதவைப் பிடித்தது யார்?

“எங்க வீட்டுக்காரர் அந்தக் கதவைப் பிடிக்கல. சத்தியமா பிடிக்கல.”

வந்த பெண்மணி செருப்பைக் கழற்றிய கையோடு சொன்ன முதல் வார்த்தை இதுதான். உட்காரவும் இல்லை, தான் யார் என்று சொல்லவும் இல்லை.

“பொறுங்க,” என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்தவர். “முதல்ல உட்காருங்கம்மா. எந்தக் கதவு?”

அவருக்குப் ‘பொறுங்க அக்கா’ என்ற பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது என்று இனி விளக்க வேண்டியதில்லை. காப்பீட்டு நிறுவனத்துக்காக எரிந்த கடைகளையும் நனைந்த சரக்கையும் பார்த்து, எது விபத்து, எது கைவேலை என்று சொல்லும் உத்தியோகத்தில் தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் சிக்கல்கள் அவரை விடவில்லை. கொழுந்தனாரின் பல் மருத்துவமனைப் பின்னறையில் ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு, வருகிறவர்களின் கதையைக் கேட்பார். கொழுந்தனாரோ மத்தியானம் ஆனால் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அண்ணியின் அறைக்கு ஓடி வந்துவிடுவார். பகல் பாதி மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்கிற மனிதர். மீதிப் பாதியில் தன் வாயை மூட மாட்டார்.

வந்தவர் பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை செய்பவர். பிள்ளைகள் வைத்த பெயர் வேனம்மா. அவருடைய கணவர், ஊரிலேயே உயரமான கட்டடத்தின் உச்சிமாடிக் காவலாளி. எந்தக் காலண்டரைப் புரட்டினாலும் ஒரு பக்கத்தில் இருக்கிற, மேலே போகப்போகச் சிறுத்துப்போகிற அந்தக் கட்டடத்தை ஊரார் ‘ஊசி’ என்பார்கள். காவலாளியின் உடம்பைப் பார்த்து அங்குள்ளவர்கள் அவரை ‘மலை’ என்பார்கள்.

“போன வாரம் ஒரு பத்திரிகைக்காரப் பொண்ணு உச்சிமாடியைப் பத்தி எழுதணும்னு வந்துச்சாம். மத்தியானம் வெளிய போன பொண்ணு, சாயங்காலம் வரைக்கும் உள்ள வர முடியாம வெயில்ல மாட்டிக்கிச்சு. மயங்கி, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைச்சு வந்திருக்கு. உள்பக்கம் இருந்து இவருதான் கதவைச் சாய்ஞ்சு பிடிச்சுக்கிட்டாருன்னு போலீஸ்ல எழுதிக் கொடுத்திருச்சு.”

“எதுக்காம்?”

வேனம்மா தலையைக் குனிந்துகொண்டார். “அன்னைக்கு ரெண்டு பேருக்கும் வாய்த்தகராறு. ‘நாள் முழுக்க மேலேயே கிடங்க’ன்னு இவரு சொல்லிட்டாரு. சொன்னது நிஜம். ஆனா செய்ய மாட்டாருக்கா. தினமும் சாயங்காலம் வந்து, மேல என்னென்ன தெரிஞ்சதுன்னு குழந்தை மாதிரி கதை சொல்ற மனுஷன். நம்ம வீட்டு வாசல்ல காயற சிவப்புப் போர்வைகூட அங்கிருந்து தெரியுதும்பாரு. இப்ப வேலையை நிறுத்தி வெச்சுட்டாங்க. திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. போனா திரும்ப விடுவாங்களான்னே தெரியல.”

“அப்போ நமக்குக் கொஞ்சம் நேரம் இருக்கு,” என்றார் பொறுங்க அக்கா.

*

பத்திரிகைக்காரப் பெண்ணின் மூக்கு நுனியில் தோல் இன்னும் உரிந்துகொண்டிருந்தது. ஜன்னலையெல்லாம் திரை போட்டு மூடி வைத்திருந்தாள். வெயில் என்றாலே அவளுக்கு ஆகவில்லை. ஆனால் நிதானமாகப் பேசினாள். பழி போடவேண்டும் என்று பேசுகிறவளாகத் தெரியவில்லை.

“கதவு பூட்டியிருந்ததா?”

“இல்லைங்க. பூட்டின கதவு அசையாது. இது அசைஞ்சது. தோளைக் கொடுத்துத் தள்ளினேன், விரல் நுழையற அளவுக்கு உள்ளே போச்சு. கொஞ்சம் தளர்த்தினேன், உடனே அந்தப் பக்கத்துல இருந்து டப்புனு திருப்பி மூடிட்டாங்க. ஒரு தடவை இல்ல, எத்தனை தடவை தள்ளினாலும் அதே கதைதான். அவ்வளவு கனமான ஆள் அங்க இவர் ஒருத்தர்தான்.”

“ஃபோன்ல யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே,” என்றார் பல் மருத்துவர்.

“ஃபோன், பை எதையும் மேல கொண்டுபோக விட மாட்டாங்க. கை தவறிக் கீழ விழுந்தா ரோட்ல போறவன் மண்டை உடையும். கழுத்துல மாட்டின கேமரா மட்டும்தான் அனுமதி. தண்ணி பாட்டிலையும் வாங்கி வெச்சுக்கிட்டாங்க.”

“அந்தப் பக்கத்துல இருந்து யாராவது பேசினாங்களா?”

“பேசல. மூச்சு மட்டும் கேட்டுச்சு. இடுக்குல காதை வெச்சேன், உஸ்ஸ்னு பெரிய உடம்புக்காரங்க விடற மாதிரி மூச்சு.”

“விட்டு விட்டா?”

அவள் யோசித்தாள். “இல்ல. விடாம.”

பொறுங்க அக்கா தலையை ஆட்டினார். “வாய்த்தகராறு எதுக்கு வந்துச்சு?”

“அவரை மாடி விளிம்புல நிக்க வெச்சு ஒரு படம் எடுக்கணும்னு கேட்டேன். முடியாதுன்னார். ‘இவ்வளவு பெரிய உடம்பை வெச்சுக்கிட்டு பயமா’ன்னு சிரிச்சேன். அதுக்குத்தான் அப்படி எரிஞ்சு விழுந்தார். சரி, கோபத்துல சொன்னதை நான் பெருசா எடுத்துக்கல. ஆனா ஒண்ணை மன்னிக்க முடியல.” அவள் குரல் இறங்கியது. “கேமரா உறையில என் விசிட்டிங் கார்டும் பேனாவும் இருந்துச்சு. ‘மயக்கமா வருது, தயவுசெய்து திறங்க’ன்னு எழுதி, கதவுக்கு அடியில தள்ளினேன். அவர் அதைத் திருப்பித் தள்ளிட்டார். மறுபடியும் தள்ளினேன். மறுபடியும் என் காலடிக்கே வந்துச்சு. சாகக் கிடக்கறேன்னு எழுதினதைப் படிச்சுட்டு ஒரு மனுஷன் அப்படிச் செய்வானா?”

பல் மருத்துவரின் கண்கள் சிவந்துவிட்டன.

“கடைசியில எப்படித் திறந்தது?” என்று கேட்டார் பொறுங்க அக்கா.

“வெயில் சாயற நேரத்துல, கடைசியா ஒரு தடவை சாய்ஞ்சேன். ஒண்ணுமே இல்லாத மாதிரி திறந்துக்கிச்சு. உள்ளே போய் விழுந்தேன். அப்போ யாருமே இல்ல. கொஞ்ச நேரத்துல அவர் வந்தார், மூச்சிரைக்க, வேர்த்து வழிய. எதுக்கு வேர்க்கணும்?”

தெருவுக்கு வந்ததும் பல் மருத்துவர் கொதித்தார். “கேஸ் முடிஞ்சது அண்ணி. அந்த ஆளுக்காகவா நாம அலையணும்?”

“பொறு தம்பி. இதோ இந்தக் கேட்டுக்கு அந்தப் பக்கம் போய், முதுகைக் கொடுத்து அழுத்திப் பிடி. நான் தள்றேன். அப்படியே குனிஞ்சு, நான் கீழ போடற இந்தச் சாவியை எடுத்து என் பக்கம் தள்ளு.”

பல் மருத்துவர் வேட்டையில் இறங்கிய உற்சாகத்தோடு கேட்டுக்குப் பின்னால் போனார். முதுகால் அழுத்தினார், குனிந்தார். அடுத்த நொடி கேட் திறந்துகொள்ள, அவர் தொட்டிச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சாவி இருந்த இடத்திலேயே இருந்தது.

“அப்போ ரெண்டு பேர்,” என்றார் மண்ணைத் தட்டிக்கொண்டே. “ஒருத்தன் அழுத்தறான், ஒருத்தன் கார்டைத் தள்றான்.”

“அல்லது ஒருத்தருமே இல்ல,” என்றார் அண்ணி.

*

ஊசியின் மேலாளர் மெலிந்த மனிதர். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. பத்திரிகையில் பெயர் கெட்டுவிடும் என்ற பயத்தில் கேட்டதையெல்லாம் காட்டத் தயாராக இருந்தார். வரவேற்பறையில் புதிதாகச் சட்டம் போட்டு மாட்டிய தீத்தடுப்புச் சான்றிதழைத்தான் முதலில் காட்டினார்.

“அந்தப் பொண்ணு மாட்டிக்கிட்ட மறுநாள்தான் அதிகாரிங்க வந்து பார்த்துக் கொடுத்துட்டுப் போனாங்க. ஒரு குறை சொல்ல முடியல அவங்களால.”

“அதுக்கு முந்தின நாள் நீங்க எங்க இருந்தீங்க?”

“கீழதான். சோதனைக்கு எல்லாத்தையும் சரிபார்க்கணும்ல. தலைக்கு மேல வேலை.”

லிஃப்ட் கடைசித் தளத்தோடு நின்றுவிட்டது. அங்கே லிஃப்டுக்கு எதிரே காவலாளியின் சின்ன அறை. அதைத் தாண்டி ஒரு கனத்த கதவு, அதற்குப் பின்னால் ஜன்னலே இல்லாத படிக்கட்டு. கைப்பிடிக் கம்பியில் விரலை வைத்தால் தூசி ஒட்டியது. சுவரில் உயரத்தில் ஒரு இரும்புச் சல்லடை இருந்தது. பொறுங்க அக்கா அண்ணாந்து பார்த்தார். அதில் மட்டும் பொட்டுத் தூசி இல்லை.

படியின் முடிவில் அந்த இரும்புக் கதவு. மேலாளர் அதைத் தம் பக்கம் இழுத்துத் திறந்தார்.

“உள்பக்கமாத் திறக்குதே,” என்றார் பல் மருத்துவர்.

“வெளிப்பக்கம் வெச்சா மேல அடிக்கிற காத்து பிய்ச்சுக்கிட்டுப் போயிடும் டாக்டர்.”

வெளியே கால் வைத்ததும் பல் மருத்துவர் வந்த வேலையை மறந்தார். கீழிருந்து பார்க்கும்போது ஊசியின் முனை என்று தோன்றிய இடம், மேலே வந்தால் ஒரு சின்னத் தொழிற்சாலை போல இருந்தது. தண்ணீர்த் தொட்டிகள், ஆள் நுழையும் அளவுக் குழாய்கள், ஜன்னல் துடைக்கும் தொட்டிலை இறக்குவதற்கான தண்டவாளம், நடுவில் இடிதாங்கியோடு நிற்கும் கம்பம். ஒரு பருந்து அவர்களுக்குக் கீழே பறந்துகொண்டிருந்தது. பறவையின் முதுகை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். ஊரே காலடியில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மூலையில் என்ன இருக்கிறதோ என்று அவர் ஒவ்வொரு மூலையாக எட்டிப் பார்த்தார்.

“பள்ளிக்கூடம் இருக்கிற பகுதி எந்தப் பக்கம்?” என்று பொறுங்க அக்கா கேட்டார்.

“அதோ, அந்தப் பக்கம். ஆனா ஒண்ணும் தெரியாது. ஏசிக்கான குளிர்விப்பு இயந்திரம் மறைக்குது.” வீட்டு உயரத்துக்கு நின்ற இயந்திரங்கள் அந்தத் திசை முழுவதையும் அடைத்திருந்தன. “கட்டின நாள்ல இருந்தே அப்படித்தான்.”

பொறுங்க அக்கா கதவுக்குத் திரும்பினார். கதவை ஒட்டிய சுவரில் துருப்பிடித்த இரும்பு மூடி ஒன்று இருந்தது. தபால் பெட்டியின் வாயைப் போல மேல்கீலில் தொங்குகிற மூடி. அதைத் திறக்க முடியாதபடி கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மூடி பழசு, கம்பி மட்டும் பளபளவென்று புதுசு. மேலாளர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

*

மலையின் வீடு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், தரைத்தளத்தில் இருந்தது. வாசல் கொடியில் சிவப்புப் போர்வை காய்ந்தது. வேனம்மா வேலைக்குப் போயிருந்தார். மலை, நாற்காலி கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார்.

“அந்த நேரம் என் ரூம்லதான் இருந்தேன்கா. ஷிஃப்ட் முடியற நேரமாச்சு, பொண்ணைக் காணோமேன்னு போய்ப் பார்த்தேன். படியில விழுந்து கிடக்குது.”

“நடுவுல ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கலையா?”

“இல்ல.”

“கூடவே போய் நிக்கறதுதானே உங்க வேலை?”

மலை தரையைப் பார்த்தார்.

“மேல இருந்து இந்தப் போர்வை தெரியும்னு வீட்ல சொல்லியிருக்கீங்க,” என்றார் பொறுங்க அக்கா மெதுவாக. “தெரியாது. இயந்திரம் மறைக்குது, கட்டின நாள்ல இருந்து. ஒரே ஒரு தடவை அந்தக் கதவைத் தாண்டியிருந்தாலும் உங்களுக்கு அது தெரிஞ்சிருக்கும்.”

அவ்வளவு பெரிய உடம்பு ஒரு சுற்று சுருங்கியது. மலை முதலில் வாசலைப் பார்த்தார், மனைவி வந்துவிட்டாரா என்று.

“தலை சுத்தும்கா. ஏணியில ரெண்டு படி ஏறினாலே கை நடுங்கும். அந்தக் கடைசிப் படிக்கட்டு ஏறறதுக்குள்ளயே எனக்கு வேர்த்து ஊத்திடும். கீழ் கேட்டுக்குத்தான் எழுதிப் போட்டேன், மேல கொடுத்துட்டாங்க. வேண்டாம்னு சொல்றதுக்குள்ள இவ அக்கம்பக்கம் எல்லார்கிட்டயும் சொல்லிட்டா. வேன்ல போற பிள்ளைங்க அந்தக் கட்டடத்தைக் காட்டி, ‘உங்க வீட்டுக்காரர்தானே அங்க உச்சியில நிக்கறாரு’ன்னு கேட்பாங்களாம். அதை அவ சொல்லும்போது அவ மூஞ்சியைப் பார்க்கணும் நீங்க.”

“ஜெயிலுக்குப் போனாலும் சொல்லாம இருப்பீங்களா?”

“அவளுக்குத் தெரிய வேண்டாம்கா,” என்றார் மலை. அந்தப் பதில் பல் மருத்துவரின் மனதை என்னவோ செய்தது. காலையில் இந்த ஆளையா திட்டினோம் என்று இருந்தது அவருக்கு.

“நாளைக்கு மத்தியானம் அங்க வாங்க,” என்றார் பொறுங்க அக்கா. “ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். நீங்க கதவுக்கு அந்தப் பக்கம், வெளிய நிக்க வேண்டியிருக்கும்.”

“உள்ள நிக்கறேனே.”

“உள்ள நின்னா, நான் எதைக் காட்டினாலும் நீங்கதான் பிடிச்சீங்கன்னு அந்தப் பொண்ணுக்குத் தோணும். யோசிச்சுப் பாருங்க.”

*

மறுநாள் மேல் படிக்கட்டில் எல்லோரும் கூடினார்கள். மேலாளர் யாரிடமும் முகம் கொடுக்கவில்லை. பத்திரிகைக்காரப் பெண் தலையில் துணி போர்த்தி வந்திருந்தாள். வேனம்மா கணவரின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு நின்றார்.

“நீங்க, டாக்டர், வேனம்மாவோட வீட்டுக்காரர் மூணு பேரும் வெளிய போங்க,” என்று பொறுங்க அக்கா அந்தப் பெண்ணிடம் சொன்னார். “நாங்க மத்த எல்லாரும் உள்ள இருப்போம்.”

கதவு திறந்தது. வெளிச்சம் உள்ளே விழுந்தது. மலை நிலைப்படிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

“போங்களேன்,” என்றார் வேனம்மா. “தினமும் போற இடம்தானே?”

மலை திரும்பி மனைவியைப் பார்த்தார். “இல்லம்மா,” என்றார். “நான் போனதே இல்ல. எனக்கு உயரம்னா பயம். உன்கிட்ட சொன்னதெல்லாம் நானா கட்டின கதை.”

வேனம்மாவின் முகத்தில் என்ன வந்தது என்று பார்க்க அவர் நிற்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு கதவைத் தாண்டினார். தாண்டியதும் கைகளால் காற்றைத் துழாவினார். முன்னே போன பத்திரிகைக்காரப் பெண், யாருக்குக் கொடுக்கிறோம் என்று யோசிப்பதற்குள் தன் கையைக் கொடுத்துவிட்டாள். அந்தக் கை குளிர்ந்து, நனைந்து, வெடவெடவென்று நடுங்கியது. அவளால் அதை உதற முடியவில்லை.

பல் மருத்துவர் கதவைச் சாத்தினார். காற்று காதை அடைத்தது. சற்றுப் பொறுத்து அவர் சொன்னார், “இப்ப தள்ளிப் பாருங்க.”

அவள் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கதவு விரல் நுழையும் அளவுக்குப் போனது. தளர்த்தியதும் டப்பென்று மூடிக்கொண்டது. இடுக்கில் உஸ்ஸ் என்று மூச்சு.

அவள் முகம் வெளுத்தது. சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்துக் கதவுக்கு அடியில் தள்ளினாள். அது ஒரு நொடி அங்கே படபடத்துவிட்டு அவள் காலடிக்கே வந்தது. அவள் அந்தக் கார்டைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி, சுவரோடு சுவராக ஒட்டி நின்ற மனிதரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

பல் மருத்துவர் கதவை ஓங்கித் தட்டிச் சைகை கொடுத்தார். மூச்சுச் சத்தம் தேய்ந்து நின்றது. அவள் ஒற்றை விரலால் தொட, கதவு திறந்தது. உள்ளே கதவருகில் யாரும் இல்லை. நாலைந்து படிக்குக் கீழே வேனம்மாவும் பொறுங்க அக்காவும் தலைமுடி கலைந்து நின்றார்கள். மேலாளர் கையில் தொலைபேசியோடு இன்னும் கீழே இருந்தார்.

“காத்து,” என்றார் பொறுங்க அக்கா. “தீப்பிடிச்சா படிக்கட்டுக்குள்ள புகை வரக்கூடாதுன்னு, கீழ ராட்சத ஃபேன் வெச்சு வெளிக்காத்தை இங்க அடைப்பாங்க. அந்தச் சல்லடை வழியா வரும். படிக்கட்டே தூசி, சல்லடை மட்டும் சுத்தம். அதனால சமீபத்துல ஃபேன் ஓடியிருக்கு. இப்பவும் சார்தான் ஃபோன்ல சொல்லி ஓட்ட வெச்சு நிறுத்தினார். கதவு உள்பக்கமாத் திறக்குது. உள்ள காத்து அடைஞ்சா அதுவே கதவை வெளிப்பக்கம் அழுத்திப் பிடிச்சுக்கும். ஆள் பிடிச்ச மாதிரியே விட்டுக் கொடுத்து விட்டுக் கொடுத்து மூடும்.”

“எப்போ அண்ணி உங்களுக்குத் தெரிஞ்சது?”

“மூச்சுச் சத்தம் இடைவிடாம கேட்டுச்சுன்னு இவங்க சொன்னப்பவே சந்தேகம். மூச்சு விடற மனுஷன் நடுவுல இழுக்கவும் வேணுமே. அப்புறம் கார்டு. முழு பலத்தோட கதவை அழுத்தறவன் குனிய முடியாது, நீயே விழுந்து பார்த்துட்ட. அந்தக் கார்டை யாரும் படிக்கலம்மா. படிச்சுட்டுத் தள்ளின மனுஷன் உலகத்துல இல்ல. அதை நீங்க மனசுல இருந்து எடுத்துடுங்க.”

பத்திரிகைக்காரப் பெண் படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். ஆனால் அது பாரம் இறங்கிய அழுகை.

“ஆனா ஃபேன் ஓடினாலும் இவ்வளவு இறுகாதே?” பல் மருத்துவர் விடவில்லை.

“இறுகாது. காத்து அதிகமாச்சுன்னா தானாத் திறந்து வெளிய விட ஒரு மூடி இருக்கு. அதைப் புதுக் கம்பியில கட்டி வெச்சிருக்காங்க. ஏன்னு சார் சொல்வார்.”

மேலாளர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். “ஃபேன் பழசு. மீட்டர்ல அழுத்தம் பத்தல. மூடியைக் கட்டினா முள் மேல ஏறும். சோதனைக்கு முந்தின நாள் மத்தியானம் பூரா ஓட்டிப் பார்த்தோம். எப்பவும் விடுமுறை நாள்லதான் ஓட்டுவோம், அப்ப மேல யாரும் இருக்க மாட்டாங்க. அந்தப் பொண்ணு மேல இருக்கறதை நான் மறந்தே போயிட்டேன்.”

“மறந்தது தப்பு. ஆனா அது மனுஷத் தப்பு,” என்றார் பொறுங்க அக்கா. அவர் குரல் உயரவில்லை. ஆனால் கொழுந்தனார் அந்தக் குரலை அதற்கு முன் கேட்டதில்லை. “எப்போ புரிஞ்சது உங்களுக்கு?”

“அன்னைக்குச் சாயங்காலமே.”

“அன்னைக்கே தெரிஞ்சும், இவர் தலையில விழட்டும்னு வாயை மூடிக்கிட்டீங்க. இன்னைக்கே அதிகாரிங்ககிட்ட நீங்களே போய்ச் சொல்றீங்க. சான்றிதழை நீங்களே கழட்டுங்க. முதல்ல அந்தக் கம்பியை வெட்டுங்க.”

மேலாளர் தலையை ஆட்டினார். வேறு வழி இல்லை என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

மலை இன்னும் நிலைப்படியிலேயே நின்றார், வெளியேயும் இல்லாமல் உள்ளேயும் இல்லாமல். வேனம்மாவின் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. பத்திரிகைக்காரப் பெண் எழுந்து அவரிடம் போனாள்.

“திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இப்பவே ஸ்டேஷனுக்குப் போய் நானே புகாரைத் திரும்ப வாங்கிக்கறேன். மன்னிச்சுடுங்க. உண்மையா என்ன நடந்ததுன்னு பத்திரிகையிலயும் எழுதிடறேன்.”

“எழுதுங்க,” என்றார் மலை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நான் பயந்தவன்கிறதை மட்டும் விட்டுடுங்கம்மா. வேன்ல பிள்ளைங்க கேலி பண்ணுவாங்க. இவளுக்குத்தான் சங்கடம்.”

அவள் வேனம்மாவைப் பார்த்தாள். வேனம்மா படியேறி வந்தார். கணவரின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

“விடாதீங்க, எல்லாத்தையும் எழுதுங்க,” என்றார் அந்தப் பெண்ணிடம். “பயந்தாருன்னும் எழுதுங்க. பயந்துக்கிட்டே வந்து நின்னாருன்னும் எழுதுங்க. பிள்ளைங்களுக்கு நானே படிச்சுக் காட்டிக்கறேன்.”